துண்டின் கனத்தில் தொலைந்த சத்தம்

ஜெகதாப்பட்டினம் மீன்பிடித் தளத்தில் ஏலம் விடுவது என் தொழில். மூளைக்காய்ச்சலில் (மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் தொற்று) விழுந்து எழுந்தபோது உயிர் இருந்தது, கேட்கும் திறன் போயிருந்தது. யார் என்ன விலை கேட்கிறார் என்பது காதில் விழாதவன் எப்படி ஏலம் விடுவது? வீட்டோடு கிடந்தேன். எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன். அதிகம் வாங்கிக்கட்டிக்கொண்டவள் என் மனைவி செல்வி.

திருச்சியில் காக்ளியர் இம்ப்ளாண்ட் (உள்காதின் நரம்பைத் தூண்டிக் கேட்கவைக்கும் கருவி) பொருத்தினார்கள். காயம் ஆறியபின் வெளிக்கருவியைக் காதில் மாட்டி, அதன் காந்த வில்லையை உள்கருவிக்கு நேராகத் தலையில் ஒட்டியதும் தகரத்தை உரசுவது போலத்தான் கேட்டது. பல மாதப் பயிற்சியில் அது மெல்ல மெல்ல மனிதக் குரலானது. இப்போது பயிற்சியில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம்.

ஏலத்துக்குத் திரும்பிய முதல் நாள் வெயில் கொளுத்தியது. தலையில் துண்டு கட்டாமல் அங்கே நிற்க முடியாது. வியர்வை பட்டுக் கருவி கெட்டுவிடுமே என்று, துண்டைக் கட்டி அதன் மேல் காந்த வில்லையை ஒட்டினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். குரல்கள் விட்டுவிட்டு வந்தன, பிறகு அடியோடு நின்றன. உள்ளே இருக்கும் கருவி செத்துவிட்டது, மறுபடியும் அறுவைச் சிகிச்சைதான் என்று பயந்துபோனேன். திருச்சி போகும் வரை பஸ்ஸில் செல்வியின் கையை விடவில்லை.

கேட்பியல் நிபுணர் (கருவியைச் சோதித்து அளவு வைப்பவர்) ஓர் இளம்பெண். செல்வி நடந்ததைச் சொன்னதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வில்லையை எடுத்து, துண்டை அவிழ்த்து, வெறும் தலையில் ஒட்டினார். சத்தம் வந்துவிட்டது.

"அண்ணே, உள்ள பேட்டரியே கெடையாதுங்க. கரண்டும் சத்தமும் வெளியிலேருந்து கம்பியில்லாமத் தோலைத் தாண்டிப் போவுது. அந்தக் கனத்துக்குத்தான் அதுக்குத் தெம்பு. நடுவுல துண்டையும் வச்சா எப்புடி?"

"தெம்பைக் கூட்டி வைக்கலாம்ல?"

"இந்தச் சின்ன பேட்டரி பொழுதன்னைக்கும் தாங்கணும்லண்ணே. அதான் சிக்கனமா அனுப்புது."

அசந்துபோனேன். எங்கள் ஊர்ப் படகின் வயர்லெஸ்ஸுக்கு லாரி பேட்டரி வேண்டும். இதுவோ விரல்நுனி அளவு பேட்டரியை வைத்துக்கொண்டு தளத்தின் மொத்த இரைச்சலையும் தலைக்குள் சேர்க்கிறது. இதை யோசித்துச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அடுத்த ஏலத்துக்கு வில்லையை முதலில் ஒட்டி, அதன் மேல் துண்டைத் தளர்வாகக் கட்டிக்கொண்டு போனேன். பின்னால் நின்ற மீன் வியாபாரி நாகம்மாள் அக்கா, எனக்குத்தான் கேட்காதே என்று குரலைத் தணிக்காமலே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "நாம பேசிக்கிறது அவருக்கு எங்கிட்டுக் கேக்கப்போவுது. நீ கொறச்சே கேளு."

திரும்பி, "கேக்குதுக்கா" என்றேன். எல்லாரையும் முந்திச் சிரித்தவர் அக்காதான்.

உடம்பு தோலோடு முடிந்துவிடுகிறது என்று நினைத்திருந்தேன். இப்போது அதில் ஒரு பங்கு மேசை மேல் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துத் தலையில் வைக்கும்போதுதான் எனக்குப் பொழுது விடிகிறது.