கூடையை இறக்கிய தோள்

ஷார்ஜாவில் கோடைக்காலத்தில் குளிர்ந்த தண்ணீர் வேண்டுமென்றால் வெந்நீர்க் குழாயைத் திறக்க வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மொட்டைமாடித் தொட்டியில் நாளெல்லாம் வெயிலில் கிடக்கும் தண்ணீர் சாதாரணக் குழாயில் கொதிக்கக் கொதிக்க வரும். ஹீட்டரை அணைத்துப் போட்டால், அதற்குள் இருக்கும் தண்ணீர் மட்டும் அறைக்குள்ளேயே ஆறிக் கிடக்கும். வந்த புதிதில் இது தெரியாமல் தலையில் ஊற்றிக்கொண்டு நான் போட்ட கூச்சலில் எங்கள் தொழிலாளர் கேம்பே கூடிவிட்டது. என்னடா இது, எல்லாம் தலைகீழாக இருக்கிறதே என்று அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. மேலே போக வேண்டுமானால் முதலில் கீழே இறக்க வேண்டும் என்ற இன்னொரு தலைகீழ்ப் பாடத்தையும் இதே ஊரில்தான் கற்றுக்கொண்டேன்.

அதைக் கற்றுக்கொடுத்தவன் ரொடெல். பிலிப்பைன்ஸ்காரன், எங்கள் கேம்பில் வெல்டர், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவன், பள்ளிக்கூடத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவன். கேம்புக்குப் பின்னால் இரண்டு கம்பங்களை நட்டு, குறுக்கே ஒரு தண்ணீர்க் குழாயைக் கம்பியாகப் பற்றவைத்திருந்தான். சாயங்காலம் அவன் அதில் தொங்கி எழும்புவதைப் பார்த்து நானும் போனேன். எனக்கென்ன குறை? மரக்காணம் உப்பளத்தில் களத்துக்கும் லாரிக்கும் உப்புக்கூடை சுமந்து வளர்ந்த உடம்பு, மூச்சுவிடாமல் தண்டால் எடுத்த உடம்பு. அந்த மிதப்பில் தொங்கினேன். கம்பி என்னை ஒரு சாண்கூட மேலே விடவில்லை. ரொடெல் என் தலைக்கு மேலே விரலை நீட்டி, "வாட் ஆர் யூ கேரியிங்?" என்றான். என்ன சுமக்கிறாய் என்கிறான். ஒன்றும் சுமக்கவில்லையே என்று காட்ட இரண்டு கைகளையும் விரித்தேன். கம்பியில் தொங்குகிறவன் கையை விரித்தால் என்ன ஆகும்? புழுதியில் உட்கார்ந்திருந்தேன்.

அவன் சிரிக்கவில்லை. என்னை எழுப்பி, என் இரண்டு தோள்களையும் பிடித்துக் கீழே அழுத்தினான். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தலையில் கூடை இருக்கும்போது கழுத்து ஆடாமலிருக்கத் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறி நிற்கும். உப்பளத்தை விட்டு வந்து வருஷங்கள் ஆகியும் என் தோள் இறங்கவேயில்லை. தோள் அப்படி ஏறி நின்றால் முதுகின் பலம் கைக்கு வராதாம். வாரக்கணக்கில் சும்மா தொங்கி, தோளை மட்டும் இறக்கப் பழக்கினான். பிறகு ஸ்டூல் மேலே ஏறித் தாடையைக் கம்பிக்கு மேலே வைத்து, மெல்ல மெல்லக் கீழே இறங்கச் சொன்னான். சில நாள் என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "டுடே நோ" என்று திருப்பி அனுப்பிவிடுவான். சோம்பேறிப் பயல் என்று திட்டிக்கொண்டே போவேன். ஒரு சாயங்காலம் தாடை தானாகக் கம்பிக்கு மேலே போனது. கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு பல்லைக் காட்டியதில்லை.

போன விடுமுறையில் எங்கள் ஊரான கூனிமேட்டுக்குப் போனபோது, என் மனைவி ஜமீலாவின் தம்பி காஜா போலீஸ் செலக்ஷனுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். ஓட்டத்தில் புலி. கயிறு ஏறுவதில்தான் போன தடவை பாதியில் வழுக்கி விழுந்துவிட்டான். வயது வரம்புக்கு இதுவே கடைசித் தடவை. தவறினால் என்னோடு ஷார்ஜாவுக்கு வருவதாகப் பேச்சு. ஃபோர்மேனிடம் சொல்லி விசாவுக்கு வழி பண்ணிவிட்டேன். அறையில் எனக்குக் கீழ்க் கட்டிலைக்கூட அவனுக்காகப் பிடித்து வைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அவன் வருவதில் எனக்குக் கொள்ளை ஆசை. வெள்ளிக்கிழமை சமையலில் சண்டை போட ஒரு சொந்தக்காரன் இருந்தால் போதும், அந்த ஊர் பாதி நம் ஊராகிவிடும். ஜமீலா மட்டும், "அவன் இங்கயே இருக்கட்டுங்க. அங்க நீங்க ஒருத்தர் போயிருக்குறது பத்தாதா?" என்றாள்.

தோப்பில் ஒரு புளியமரத்தில் படகுக் கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கீழே ஒரு கூட்டம். டீக்கடை சலீம் பாய்தான் தலைமைப் பயிற்சியாளர். அவருக்குத் தெரிந்த பயிற்சி இரண்டு: பச்சை முட்டை, கத்தல். "டேய், விடாத! ஏறுடா, ஏறு!" என்பார். காஜா வெறியோடு இழுப்பான்; பாதியில் சறுக்கிக்கொண்டு வருவான். அவனும் உப்பளத்தில் கூடை சுமக்கிறவன்தான், உள்ளங்கையெல்லாம் உப்புநீர் வெடிப்பு வேறு. நான் அவன் தோளைத்தான் பார்த்தேன். இரண்டும் காதோடு ஒட்டிக்கிடந்தன. தலையில் இல்லாத கூடையையும் தூக்கிக்கொண்டு ஏறுகிறான்.

"தோளை எறக்குடா" என்றேன். முதுகை வளைத்தான். ரொடெல் மாதிரி அழுத்திக் காட்டினேன். "கூச்சமா இருக்குது மச்சான்" என்று நெளிந்தான். மறுநாள் காலையில் அவனுக்குப் பின்னாலேயே உப்பளத்துக்குப் போனேன். பலகை மேலே ஏறி லாரியில் கூடையைக் கவிழ்த்தான்.

"அப்படியே நில்லு!" என்று கத்தினேன்.

"ஏன் மச்சான், பாம்பா?"

"பாம்பு இல்லடா. கூடைய கொட்டினதும் ஒந்தோளு எங்க போச்சுது பாரு."

தோள் இரண்டும் அவனை அறியாமல் இறங்கியிருந்தன. அவனே தொட்டுப் பார்த்துக்கொண்டான். "அட, ஆமா!"

"கயித்துல தொங்குனதும் மொதல்ல கூடைய எறக்கு. அப்புறம் ஏறு."

அன்றிலிருந்து வேலை சுலபமாகிவிட்டது. முதலில் தொங்குவது, பிறகு பிடித்துப் பிடித்து இறங்குவது, அதற்கும் பிறகுதான் ஏறுவது. அவன் ஏற ஏற எனக்குப் பெருமை. கூடவே, கீழ்க் கட்டில் காலியாகிக்கொண்டு வருகிறதே என்ற வருத்தம்.

செலக்ஷனுக்கு முதல் நாள் காஜா துடித்தான். "இன்னைக்கு நாலு தடவ ஏறி இறங்கிடுறேன் மச்சான்." அவன் உள்ளங்கையைப் பார்த்தேன். வெடிப்பு அப்போதுதான் மூடியிருந்தது. இன்று கயிற்றைத் தொட்டால் கிழியும். கிழிந்தால் நாளை ஏற முடியாது. ஏறாவிட்டால் என்னோடு விமானத்தில் இருப்பான். நான் எதுவுமே செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சலீம் பாய் வேறு, "பரீட்சைக்கு மொத நாளு படிக்காம இருப்பானா? ஏறட்டும் விடுப்பா" என்றார். சொல்ல வெட்கமில்லை, கொஞ்ச நேரம் சும்மாதான் நின்றேன். பிறகு மரத்தில் ஏறிக் கயிற்றை அவிழ்த்துக் கீழே போட்டு, சுருட்டி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். "இன்னைக்கு வேணாம்" என்றேன். குரல் என்னுடையது, வார்த்தை ரொடெலுடையது.

கடலூர் மைதானத்தில் வேலிக்கு வெளியே நின்றேன். காஜா கயிற்றைப் பிடித்துத் தொங்கினான். தோள் சரசரவென்று காதுக்கு ஏறியது. கத்தினால் விரட்டிவிடுவார்கள். வேறென்ன செய்ய? நான் என் தோளை இறக்கினேன். பக்கத்தில் நின்றவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அங்கே அவன் தோளும் இறங்கியது. அப்புறம் கயிறே அவனைத் தூக்கிக்கொண்டு போனது போல ஏறி, உச்சியைத் தட்டினான். வெளியே வந்தவன், "எறக்கிட்டேன் மச்சான்" என்றான். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். சந்தோஷம்தான். யாரும் கேட்டால் அல்லா சாட்சியாக அப்படியே சொல்வேன்.

இப்போது கீழ்க் கட்டிலில் ஒரு பஞ்சாபிக்காரர் படுக்கிறார், நல்ல மனிதர், நன்றாகக் குறட்டை விடுகிறார். திரும்பி வந்த முதல் சாயங்காலம் கம்பியில் தொங்கினேன். ரொடெல் பழையபடி என் தலைக்கு மேலே விரலை நீட்டினான். "அகெய்ன்? வாட் ஆர் யூ கேரியிங்?" இந்தத் தடவை கையை விரிக்கவில்லை. தோளை இறக்கினேன், எழும்பினேன். தாடை கம்பிக்கு மேலே போனால்தான் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி இந்த ஊர்க் கடல் தெரியும். எங்கள் கடலில் கிளம்பிய சூரியன் இந்தக் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கூனிமேட்டில் இந்நேரம் இருட்டியிருக்கும். காக்கிச் சட்டைக்கு அளவெடுத்த கதையைக் காஜா அக்காவிடம் அளந்துகொண்டிருப்பான். கீழே நின்ற ரொடெல், "ஸ்லோலி டவுன்" என்றான். அவன் சொல்லாவிட்டாலும் மெதுவாகத்தான் இறங்கியிருப்பேன்.