ஒன்றரை அடி குறைந்த வீடு

எழுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு சிறிய கட்டட அலுவலகத்தில் வரைபடம் வரையும் வேலை கிடைத்தது. அங்கே பெண் என்றால் நான் ஒருத்திதான்.

இன்று வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் சிட்னிப் புறநகரான கெல்லிவில் பக்கம் அப்போது தோட்டமும் குதிரை மேயும் வெளியுமாக இருந்தது. முன்னொரு காலத்தில் ஓர் ஆங்கிலேயக் குடும்பம் கட்டிய பண்ணை வீட்டை, குடியிருப்பதற்காக ஓர் ஆசிரியத் தம்பதி வாங்கியிருந்தார்கள். மஞ்சள் மணற்கல் சுவர், செங்குத்தாகச் சரியும் கூரை, சின்னச் சின்னக் கண்ணாடி பதித்த ஜன்னல்கள். சமைக்கிற குசினியிலிருந்து முன் அறைக்குப் போக விறாந்தையைச் சுற்ற வேண்டும். நடுவிலுள்ள பலகைத் தடுப்பை எடுத்து ஒரே கூடமாக்க அவர்கள் விரும்பினார்கள். அதற்குமுன் வீட்டை அளந்துவர முதலாளி என்னை அனுப்பினார். சனிக்கிழமை என்பதால் கணவர் காரில் கூட்டிப்போனார்.

வெளியே அளந்த நீளமும் உள்ளே அளந்த நீளமும் ஒத்துவரவில்லை. சுவர்களின் கனத்தைக் கழித்த பிறகும் ஒன்றரை அடி எங்கோ போயிருந்தது. மறுபடி அளந்தேன். அதே ஒன்றரை அடி. வரைபடத்தில் அறைக்குக் கொஞ்சமாகக் கூட்டிப்போட்டு மறைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள், தடுப்பை இடிக்கும் வேலையை ஏற்றிருந்த கட்டடக்காரர் தன் ஆட்களுடன் அலவாங்கும் சம்மட்டியுமாக வந்து இறங்கிவிட்டார்.

காரடிக்குப் போனேன்.

"என்ன, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்றார் கணவர்.

"ஒன்றரை அடி இடிக்குது. ரெண்டு தரம் அளந்திட்டன்."

"அப்ப பிழை உம்மில இல்லை. போய்ச் சொல்லும். வேலை போனால் போகட்டும்."

உள்ளே போய் நிறுத்தச் சொன்னேன். "வெறும் பலகை. பத்து நிமிட வேலை" என்று கட்டடக்காரர் சிரித்தார். ஒரே ஒரு பலகையைக் கழற்றும்படி கேட்டேன். வீட்டுக்கார அம்மாவும் தலையாட்டினார்.

பலகைக்குப் பின்னால் கனத்த மணற்கல் சுவர். அதில் மரச்சட்டத்தோடு ஒரு ஜன்னல்! அதுதான் முதலில் கட்டிய வீட்டின் வெளிச்சுவர். பின்னாளில் முன் அறையை அதோடு ஒட்டிக் கட்டி, சுவரை இரண்டு பக்கமும் பலகையால் மறைத்திருக்கிறார்கள்.

"கல் என்றால் இன்னும் இரண்டு நாள் ஆகும், அவ்வளவுதான்" என்றார் கட்டடக்காரர்.

"கூரையைப் பார்க்காமல் கை வைக்க விடமாட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினேன். கட்டடக்காரரும் டார்ச்சோடு பின்னால் வந்தார். கூரையைத் தாங்கும் இரண்டு பக்கத்து உத்தரங்களும் அந்தச் சுவரின் மேல்தான் தலை வைத்திருந்தன.

கீழே இறங்கியதும் அவர் தொப்பியைக் கழற்றினார். "இன்றைக்கு என் ஆட்களைக் கொன்றிருப்பேன்" என்று மெல்லச் சொன்னார்.

சுவர் நின்றது. ஜன்னலை மட்டும் துடைத்துத் திறந்தார்கள். குசினியிலிருந்து முன் அறைக்குத் தேநீர்க் கோப்பை நீட்ட அதுவே வழியாயிற்று. புதிய வரைபடத்தின் மூலையில் 'அளந்து வரைந்தவர்' என்ற இடத்தில் முதலாளி என் பெயரைத் தன் கையாலேயே எழுதினார்.

அதன் பிறகு எத்தனையோ பெரிய கட்டடங்களுக்கு வரைந்திருக்கிறேன். ஆனாலும், வந்த நாட்டில் என் சொல்லுக்கும் ஒரு கனம் உண்டு என்று நான் தலை நிமிர்ந்தது அந்த வீட்டில்தான்.