பன்னிரண்டு என்று எழுதிய ரோல்

எங்கள் அத்தையைக் கண்ணாடியைக் கழற்ற வைத்துப் படம் எடுத்தவர் இதுவரை யாரும் இல்லை. முதலில் தோற்றவர் பெரியப்பா. எட்டு வயதில் நான் அதைக் கண்ணால் பார்த்தேன், பாதிதான் புரிந்தது.

செல்லூரில் அப்பா சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். ஃபிலிம் காலம். முப்பத்தாறு படம் பிடிக்கும் ரோலைப் போட்டுக்கொண்டு காதுகுத்துக்குப் போனால், பத்துப் படத்தோடு போதும் என்று சொல்லிவிடுவார்கள். மிச்ச ஃபிலிம் வீண். அதனால் ஒரு ரோலை மூன்றாக வெட்டி, காலி டப்பாக்களில் சுற்றி வைப்பது எங்கள் வழக்கம். வெட்டுவது அப்பாவின் தங்கையான அத்தை. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவள். கும்மிருட்டு அறையில், மேசை விளிம்பில் அடித்த ஆணிகளை விரலால் தடவி அளந்து வெட்டுவாள். இருட்டில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வெளியே வந்து டப்பாவின் மேல் பன்னிரண்டு என்று எழுதுவாள்.

பெரியப்பா கே.கே. நகரில் இருந்தார். அவர் முன்னால் அப்பா உட்காரக்கூட மாட்டார். அவர்தான் அத்தைக்கு வாடிப்பட்டியில் வரன் பார்த்தார். பெண்ணுக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று அங்கே சொல்லியும் விட்டார். பாக்கி, கண்ணாடி இல்லாத படம்தான்.

"கல்யாணத்துக்கு மறுநா நான் செவுத்துல முட்டுனா யாருண்ணே பதில் சொல்றது?" என்றாள் அத்தை.

"அதெல்லாம் தாலி ஏறுன பெறகு பாத்துக்கலாம்."

இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை அது. நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் எடுத்துக் கழுவி, மறுநாள் காலை வாடிப்பட்டியில் கொடுப்பதாகப் பெரியப்பா வாக்குக் கொடுத்திருந்தார். கண் விஷயத்தில் எப்படியோ, தேதி விஷயத்தில் அவர் சொன்ன சொல் தவறாதவர். அத்தை ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். அப்பா அதைக் கேமராவில் மாட்டிக் குமிழைச் சுற்றினார். கை ஒரு நொடி நின்றது. அத்தையைப் பார்த்தார், அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் படம் வழக்கம்போல் சுவரிலிருந்த பிள்ளையாருக்கு. அடுத்தது வெளிச்சம் பார்க்க என்று அத்தையைக் கண்ணாடியோடு எடுத்தார். கையைக் கட்டிக்கொண்டு முறைத்தபடி நின்றாள்.

"ம், இப்பக் கழட்டு" என்றார் பெரியப்பா.

அத்தை மறுபேச்சில்லாமல் கழற்றினாள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அப்பா அடுத்த படத்துக்கு ஃபிலிமை நகர்த்த லீவரை இழுத்தார். நகரவில்லை.

"ரோல் முடிஞ்சுபோச்சுண்ணே."

"பன்னெண்டுன்னு எழுதியிருக்கு?"

"வெட்டுனதுல பெசகிருச்சு போல. வேற ரோலும் இல்ல. ஞாயித்துக்கெழம, கடையும் கெடையாது."

"அப்பா, ஒங்க சட்டப் பையில ஒண்ணு இருக்கே!" என்றேன் நான்.

"அது காலி டப்பா. நீ போயி வெளிய வெளையாடு."

காலி டப்பாக்கள் பிஸ்கட் தகரத்தில்தான் இருக்கும், பையில் இருக்காது. உண்மையைச் சொன்ன என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாரே என்று வாசலில் நின்று அழுதேன்.

கண்ணாடியைச் சும்மா விளையாட்டுக்கு மாட்டினாள் என்று சமாளித்துக்கொள்வதாகச் சொல்லி, பெரியப்பா அந்த ஒரே படத்தோடு பஸ் ஏறினார். படத்தின் பின்பக்கம் அத்தை பேனாவால் எழுதியிருந்ததை அவர் பார்க்கவில்லை. 'இரண்டு கண்ணிலும் பவர் மைனஸ் ஏழு.' படம் திரும்பி வந்தது. அப்பா அதைப் பெரிதாக்கி, தெருவைப் பார்த்த ஷோகேஸின் நடுவில் வைத்தார்.

அத்தைக்குப் பிறகு கல்யாணம் ஆனது, மணமேடையிலும் கண்ணாடியோடுதான். வேண்டுமென்றே ஃபிலிமைக் குட்டையாக வெட்டிப் பெரிய அண்ணனை ஏமாற்றியதை இன்றும் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறாள். நான் திருத்துவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாளே ஒரு காதுகுத்துக்கு, அந்தக் 'காலி' டப்பாவைத்தான் அப்பா கேமராவில் போட்டார். பன்னிரண்டு படமும் விழுந்தது. அன்றும் எனக்குக் கோபம்தான் வந்தது. பல வருடம் கழித்து நானே ரோல் மாட்டப் பழகியபோதுதான், குமிழைச் சுற்றினாலே உள்ளே எவ்வளவு ஃபிலிம் என்று விரலுக்குத் தெரிந்துவிடும் என்பது தெரிந்தது. அண்ணன் முன்னால் உட்காரக்கூட மாட்டாத மனிதர், அன்று அவர் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறார். நான் பாட்டுக்கு வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தேன்.