கல்யாண வீடியோவில் ஒரு வண்ணத்துப்பூச்சி

எழுதுவது என் வேலை அல்ல. ஓலெவல் பரீட்சை வரைதான் படித்தேன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூசுவேன். அப்படிப்பட்டவன் ஒரு பூச்சியைப் பற்றி எழுத வந்ததை வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மனைவியின் அக்கா குடும்பம் இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கிறது. அவர்களின் மகளுடைய கல்யாணத்துக்கு மொன்றியலிலிருந்து போயிருந்தோம். தாலி கட்டிய மறுநாள் வீடியோக்காரர் பொம்பிளை மாப்பிள்ளையை ஊருக்கு வெளியே ஒரு மேட்டுக்குக் கூட்டிப்போனார். காய்ந்த புல்லும் கல்லும்தான். எனக்குக் குடை பிடிக்கிற வேலை. அங்கே கறுப்பும் வெள்ளையுமாக ஒரு வண்ணத்துப்பூச்சி புல்லுக்குள் திரிந்தது. ஒரு படம் எடுத்தேன்.

மொன்றியலுக்குத் திரும்பி வந்து, எங்கள் பகுதியான நோத்ர-டாம்-த-கிரேஸ் நூலகத்தில் ஐரோப்பிய வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிய பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றை எடுத்தேன். அந்தத் தீவில் அப்படி இரண்டு இனம் உண்டாம். ஒன்று ஐரோப்பாவில் பல நாடுகளிலும் பறப்பது. மற்றது அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாதது. முன்சிறகின் மேற்புறத்தில், நடு வெள்ளைக் கட்டத்தைக் குறுக்கே வெட்டி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் அது தீவுக்காரி. என் படத்திலோ சிறகு மூடியிருந்தது. ஆனால் அது பொம்பிளையின் பூச்செண்டில் சிறகை விரித்து உட்கார்ந்ததையும், வீடியோக்காரர் அதை எடுத்ததையும் கண்டிருந்தேன். வேறெங்கும் இல்லாத ஒன்றை நான் கண்டேனா இல்லையா என்று அறிய எனக்கு அவ்வளவு ஆசை. வீடியோ எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

வந்ததும் ரொக்ஸ்பரோவில் மனைவியின் அண்ணன் வீட்டில் எல்லோரும் கூடினோம். ரோல்ஸ், தேத்தண்ணி. பூச்செண்டு வந்தது, போனது. அடுத்த பாட்டும் தொடங்கிய பிறகுதான், "ஒருக்காப் பின்னுக்கு விடுங்கோ" என்றேன்.

மைத்துனர் திரும்பிப் பார்த்தார். "என்ன மச்சான், பொம்பிளையை வடிவாப் பாக்கேல்லையோ?"

"பொம்பிளையை இல்லை. பூச்சியை."

சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. "வீட்டிலயும் ஒரு மாசமா இந்தக் கோட்டுக் கதைதான். விடுங்கோ அண்ணை, பாத்துத் துலையட்டும்" என்றாள் மனைவி.

நிறுத்தினால், வீடியோக்காரர் அழகுக்கு மிதக்கவிட்ட சிவப்பு இதயம் ஒன்று சரியாகச் சிறகின் மேல் நின்றது. மைத்துனர் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். சிரித்தவர்களெல்லாம் இப்போது டிவிக்குக் கிட்ட வந்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஆளுக்காள் சொன்னார்கள். இதயம் விலகியது.

"கோடு இருக்கு" என்றாள் மனைவி, எனக்கு முதல்.

இருந்தது. மயிரளவு மெல்லியது, ஆனால் முழுக்கோடு. கொஞ்ச நேரம் யாரும் வீடியோவை ஓடவிடவில்லை.

மறுநாள் மைத்துனர் போன் எடுத்து, தன் வேலையிடத்தில் ஒரு சிசிலிக்காரர் இருப்பதாகவும் அவருக்குச் சொல்லப் பூச்சியின் பெயர் வேண்டும் என்றும் சொன்னார். புத்தகத்தைப் பார்த்து எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.