மேட்டூர் நீர்மட்டம்

மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க, தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் ஒருமுறை ஆரணியில் பட்டு நெய்யும் எங்கள் வீட்டுக்கு வந்தார். கறுத்து மெலிந்த மனிதர். வரப்பில் நிற்பவர் போல வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டியபடிதான் உட்கார்ந்தார்.

நான் புடவைகளைப் பிரித்துக் காட்டும்போது கையை உயர்த்தி நிறுத்தினார். மஞ்சள் பையிலிருந்து சின்ன ரேடியோவை எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டார். மாநிலச் செய்தி. கடைசியில் மேட்டூர் அணையின் நீர்மட்டம் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

"இன்னும் எறங்கிடுச்சுங்க. குறுவை போச்சு. கர்நாடகாவுல தண்ணி தொறக்க மாட்டேங்குறான்."

ஆறுதல் சொல்ல வேண்டிய நேரம். எனக்குப் பொறாமைதான் பொங்கியது.

"உங்க ஆத்துக்கோசரம் ரெண்டு கவர்மெண்டு சண்ட போட்டுகினு இருக்குதுங்க. தெனம் ரேடியோல வேற படிக்கிறாங்க. எங்க ஆத்துல மணல் லாரிதான் ஓடுது. சாயம் போட்ட பட்டை அலசறதுக்கு டேங்கர் தண்ணி வாங்கறோம். யார்னா கேக்கறாங்களா?"

"உங்க ஆத்துக்குப் பேரு என்னங்க?"

"கமண்டல நாகநதி."

"கேள்விப்பட்டதே இல்லீங்களே," என்றார், உண்மையான வருத்தத்தோடு. நாற்றுப் பச்சையில் ஒரு புடவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

காவிரிக் கரையில் எனக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. ஆனாலும் ஒரு ரேடியோ வாங்கித் தறியருகே வைத்திருக்கிறேன். செய்தி வந்தால் தறி நிற்கும். மேட்டூரைச் சொல்லி முடித்த பிறகு, எங்கள் ஆற்றையும் சொல்வார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறேன். வணக்கம் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.