அல்சருக்காக ஜெபித்த நாட்கள்

என் மனைவி ரெத்தினபாய்க்கு முதலில் மீன் பிடிக்காமல் போயிற்று. பாறசாலைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் மீன்சட்டியைத் தள்ளிவைத்தால் ஏதோ சரியில்லை என்றுதான் பொருள். நான் கவனிக்கவில்லை. உதியன்குளங்கரையில் எனக்குத் தையல்கடை. ஓணம் நெருங்கியதால் தலைக்குமேல் வேலை. தின்றதெல்லாம் வெளியே வரத் தொடங்கிய பிறகுதான் நெய்யாற்றின்கரைக்கு பஸ் ஏறினோம்.

அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார்கள். எண்டோஸ்கோப்பி (வாய்வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) செய்து, பயாப்சிக்கு (சதைத் துணுக்கைச் சோதிப்பது) எடுத்தார்கள். ரிசல்ட் வாங்க நானும் அவள் தம்பி தங்கையனும் மட்டும் போனோம். இரைப்பையில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவியிருந்தது. டாக்டர் மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார்: அறுவை சிகிச்சைக்கு இனி இடமில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம்.

வராந்தாவில் தங்கையன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அத்தான், இது அவளுக்க காதுல விழாண்டாம். கேட்டா அண்ணைக்கே தளந்து போவா. அல்சராக்கும்னு சொல்லுங்க."

அப்படியே சொன்னேன். "அல்சர்தானே, கறியில எரிவைக் கொறச்சா போதும்" என்றாள் அவள்.

சிக்கல் சாயங்காலம் வந்தது. எங்கள் வீட்டில் ஜெபம் என்றால் வாய்விட்டுத்தான். பாயில் அடுத்தடுத்து முழங்காலிடுவோம். முதலில் அவள், அவள் முடிப்பதற்குள் என் இடது முழங்கால் மரத்துவிடும், பிறகு நான். அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போது நான் என்னவென்று ஜெபிப்பது? "கர்த்தாவே, இந்த அல்சரை ஆற்றும்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் மனிதர்களிடம் மறைப்பான். நான் ஆண்டவரிடமே மறைக்கப் பார்த்தேன்.

கடையில் மனசுக்குள் ஜெபித்துப் பார்த்தேன். பழக்கமில்லை, இரண்டு வார்த்தைக்குள் மனம் காலருக்கும் காஜாவுக்கும் போய்விடும். ஒரு மத்தியானம் சபைக்குப் போனேன். அங்கே பெண்கள் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். என்ன விசேஷம் என்று கேட்டார்கள், சும்மா வந்தேன் என்று திரும்பிவிட்டேன். எனக்கு ஆண்டவர்மேல் கோபம் இருந்தது. அதை அவரிடம் சொல்லவும் அவள் காதுக்கு எட்டாத ஒரு இடம் வேண்டியிருந்தது.

இதற்கிடையில் அவள் உடம்பு வற்றிக்கொண்டே வந்தது. பிளவுஸ்களைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். மறுபடி தொளதொளத்தது, மறுபடி பிடித்தேன். மூன்றாவது தடவை தைத்துக் கொடுத்த அன்று சாயங்காலம் வழக்கம்போல அவள் தொடங்கினாள்.

"கர்த்தாவே, அல்சர்க்காரிக்கு ஆரும் மூணு தடவை பிளவுஸ் பிடிச்சுக் குடுக்க மாட்டாவ. எனக்குத் தெரியும். இந்த மனுசன் எனக்கப் பக்கத்துல முட்டுகுத்தி உம்மகிட்டயும் பொய் சொல்லுகாரு. எனக்காகப் பொய் சொல்லாண்டாம்னு அவருக்குச் சொல்லும். எனக்குப் பயமா இருக்கு. அவருக்கும் பயம் உண்டு. ரெண்டு பேருக்க பயத்தையும் நீரு கேளும்."

என் முறை வந்தது. வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. வாய்விட்டு, அசிங்கமாக, பக்கத்து வீட்டுக்குக் கேட்க அழுதேன். அது முடியும்வரை காத்திருந்து அவள் "ஆமென்" என்றாள்.

அதன்பிறகு நாங்கள் மறைக்கவில்லை. குணமாக்கும் என்று கெஞ்சினோம், ஏன் இப்படிச் செய்தீர் என்று சண்டை போட்டோம். சில நாள் அவள் சிரித்துக்கூட ஜெபித்தாள். பதில் கிடைத்தது என்று சாட்சி சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நான்கு மாதம் இருந்தாள். கடைசி வாரத்தில் குரல் எழும்பாதபோது, "இன்னைக்கு நான் அழுதுக்கிடுதேன், நீங்க ஆமென் சொல்லுங்க" என்றாள். சொன்னேன்.

இதே நிலையில் இருக்கிறவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று புத்தி சொல்ல நான் ஆளில்லை. எனக்கே நோயாளிதான் சொல்லித்தந்தாள். ஆனால் வீட்டில் இருவர் தனித்தனியே பயந்துகொண்டிருப்பது நோயைவிடக் கொடுமை என்பதை மட்டும் அறிவேன்.

இப்போதும் சாயங்காலம் பாய் விரிக்கிறேன். முழங்காலிட்டதும் என்னால் தொடங்க முடிவதில்லை. அவள் ஜெபித்து முடிக்கும் நேரம்வரை பேசாமல் இருக்கிறேன். கடிகாரம் பார்ப்பதில்லை. இடது முழங்கால் மரத்துப்போகும்போது, என் முறை வந்துவிட்டது என்று தெரிந்துகொள்கிறேன்.