அண்ணனின் நீர்க்கடுப்பு

அண்ணனுக்கு நீர்க்கடுப்பு வந்தபோது அவன் மாட்டுங்காவில் பதினோராம் வகுப்பை மூன்றாம் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தான். பத்தொன்பது வயது. நான் அதே பள்ளியில் ஒன்பதாவது. தாராவியில் எங்களுக்கு ஒரே அறை. ஒருவர் முனகினால் வீடே விழித்துக்கொள்ளும். அண்ணன் ஒன்றுக்குப் போய்விட்டு வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் சாய்வான்.

"எல்லாம் சூடு. கண்ட ஓட்டல்ல திங்கான்லா" என்றாள் அம்மா. அவளுக்கு உலகத்தில் ஒரே வியாதிதான். இளநீர், ஊறவைத்த வெந்தயம், தலைக்கு நல்லெண்ணெய் என்று படுத்தி எடுத்தாள். சில வாரத்தில் கடுப்பு நின்றது. "தணிஞ்சிட்டு பாத்தியளா!" என்று அப்பாவிடம் பெருமை வேறு.

அது சூடு இல்லை என்று அண்ணனுக்குத் தெரியும். கூட்டாளிகளோடு எங்கே போய்வந்தான் என்று அவனுக்குத் தெரியாதா? ஆனால் அந்தப் பால்வினை நோய் நின்றதுபோல் நடித்து உள்ளேயே தங்கும், கட்டிக்கொள்கிறவளுக்கும் அவள் பெறும் பிள்ளைக்கும் போகும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. சுகாதாரப் பாடத்தில் அந்தப் பகுதி வந்தால், "இது பரீட்சைக்கு வராது" என்று வாத்தியார் தாண்டிப் போய்விடுவார். பையன்கள் சிரிப்பார்கள். பெண்பிள்ளைகள் நாங்கள் குனிந்து டெஸ்கைப் பார்ப்போம். நாசமாய்ப் போகிற வெட்கம்!

பரீட்சையில் மறுபடி கோட்டைவிட்டான். கல்யாணம் செய்துவைத்தால் பொறுப்பு வரும் என்று திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மைனியைக் கூட்டிவந்தார்கள். அண்ணன் மனைவியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். மறுவருஷம் வீட்டிலேயே பிரசவம், பெண் குழந்தை. சில நாளில் அதன் கண்கள் வீங்கி, இமை ஒட்டி, சீழ் வடிந்தது.

"பிள்ளைக்கும் சூடு" என்றாள் அம்மா. தாய்ப்பாலைக் கண்ணில் பீச்சச் சொன்னாள். உச்சியில் விளக்கெண்ணெய் வைத்தாள். சீழ் நிற்கவில்லை. நான் கத்திக் கூப்பாடு போட்ட பிறகுதான் டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் ஒரு மராட்டிக்கார அம்மாள். இமையைப் பிரித்துப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. அண்ணனிடம் இந்தியில் சில கேள்விகள் கேட்டார். அவன் குனிந்த தலை நிமிராமல் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டான். மைனிக்கு இந்தி தெரியாது. அவளுக்கு விளங்கும்படி எடுத்துச் சொல் என்று டாக்டர் என்னிடம் விஷயத்தைச் சொன்னார்.

"என்ன பிள்ள சொல்லுதாவ?" என்று மைனி என் கையைப் பிடித்தாள்.

அண்ணன் முறைத்தான். முறைக்கட்டுமே! "இது சூடு இல்ல மைனி, நோயி. அண்ணன்ட்டருந்து ஒங்களுக்கு வந்து, ஒங்கள்ட்டருந்து பிள்ளைக்கு வந்திருக்கு. பொறந்த ஒடனே சொட்டு மருந்து விட்டிருந்தா கண்ணு தப்பிச்சிருக்குமாம். வலது கண்ணு போயிட்டு. எடது கண்ணக் காப்பாத்திரலாமாம். நீங்க ரெண்டு பேரும் ஊசி போடணும், இல்லன்னா அடுத்த பிள்ளைக்கும் வருமாம்."

அம்மா பளாரென்று என் கன்னத்தில் அறைந்தாள். "வாயப் பொத்துட்டி! கொமரிப்பிள்ள பேசுத பேச்சா இது?"

மைனி அழவில்லை. மாமியார் முன்னால் புருஷனிடம் ஒரு வார்த்தை பேசாதவள், வார்டு முழுக்கக் கேட்கும்படி அவனைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க மொதல்ல போயி ஊசி போடுங்க."

அண்ணன் எழுந்து வெளியே போனான். பீடி குடிக்கத்தான் போகிறானாக்கும் என்று நினைத்தோம். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வரவில்லை. மைனி மட்டும் ஊசி போட்டுக்கொண்டாள்.

குழந்தையின் இடது கண் பிழைத்தது. வீட்டுக்கு வந்த அன்றே மைனி அண்ணன் பக்கத்தில் கிடந்த தன் பாயைக் கொண்டுவந்து என் பக்கத்தில் விரித்தாள். அம்மா பார்த்தாள், அப்பா பார்த்தார்.

சில வருஷம் கழித்து எனக்கு செம்பூரில் மாப்பிள்ளை நிச்சயமானது. விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் அவருடைய உத்தியோகத்தையும் சம்பளத்தையும் கேட்டுவிட்டுக் காப்பி குடித்துப் போனார்கள். மைனி என்னைத் தனியே இழுத்து, "மாப்பிள்ளைக்கு ஒடம்பு எப்படின்னு யாராச்சும் கேட்டாங்களா பிள்ள?" என்றாள்.

யாரும் கேட்டிருக்கவில்லை.